நூற்றிருபது பவுண்டு காற்று

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார், அதற்கு ஒரு கால் ஆடுகிறது. இந்த டயர் மேலேயே உட்காருங்கள். டயர் கம்பெனி இன்ஜினியர் டயர் மேல் உட்கார்ந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டீ அடுப்பில் கொதிக்கிறது. சர்க்கரை போடலாம்தானே? நல்லது. போன தடவை டயர் பார்க்க வந்தவர் சர்க்கரையும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்றார். அவர் எழுதிய ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது.

இவர், அதாவது என் வீட்டுக்காரர் பூபதி, குவாரிக்கு லோடு எடுக்கப் போயிருக்கிறார். ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். மாமா, என் மாமனார், சங்ககிரியிலிருந்து புது டிரைவரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். அத்தை ஈரோட்டில் மகள் வீட்டில். ஆகவே இப்போதைக்கு இங்கே முதலாளி, மேனேஜர், வாட்ச்மேன் எல்லாம் நான்தான். பெயர் சுகிர்தா. இடுப்பில் இருக்கிற இவள் ஆதிரா, ஒரு வயது இரண்டு மாதம். அந்தப் பேனாவைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் சார். அவள் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது உங்களுடையது இல்லை.

டயரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் என்னிடமே கேட்கலாம். இந்த வீட்டில் டயரைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான்தான். நானாகச் சொல்லவில்லை, இவரே நாலு பேரிடம் சொல்லுவார். 'எங்கூட்டுல புள்ள கான்வென்ட்டுல படிச்சது, டயருக்கு டெம்பரேச்சர் பாக்குது' என்று.

இதோ, சுவரோரமாக ஐந்து நிற்கிறதே, இவைதான். சாக்பீஸில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். எங்களிடம் இரண்டு டிப்பர். இரண்டும் ஒரே மாதம் வாங்கினது, இரண்டுக்கும் ஒரே நாளில் உங்கள் கம்பெனி டயரைத்தான் போட்டோம். ஒரே குவாரி, ஒரே ரோடு, ஒரே ஜல்லி. லோடும் ஒன்றுதான். கொஞ்சம் கூம்பாகத்தான் ஏற்றுகிறோம், இல்லையென்று சொல்லமாட்டேன், எங்கள் பக்கம் யார்தான் தட்டையாக ஏற்றுகிறார்கள்? ஒரு வண்டியை ரசாக் அண்ணன் ஓட்டுகிறார். அதில் ஒரு டயர் கூடப் போகவில்லை. இன்னொரு வண்டியில் நாலு மாதத்தில் ஐந்து. ஒரு வருஷம் ஓடவேண்டிய டயர் சார், இரண்டு மாதத்தில் கிழிந்து தொங்குகிறது. இதற்கு என்ன காரணம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் வாயால் வந்தால்தான் மாமா நம்புவார்.

அந்த வண்டியை முதலில் மாதையன் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக மாமாவிடம் இருந்தவர். நல்ல மனிதர்தான். என் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து சீர்ப் பாத்திரமெல்லாம் ஏற்றி வந்தது அவர்தான், ஒரு டம்ளர் கூட நசுங்காமல். மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. 'அம்மிணி, ரசம் இன்னிக்கு கண்ணுல தண்ணி வர வெக்குதுங்' என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்குவார். ரசாக் அண்ணன் அப்படி இல்லை. வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டுவந்து குவாரியிலேயே புங்கமரத்தடியில் சாப்பிட்டுவிடுவார். அவர் வண்டியை மாதத்தில் ஒருநாள் பார்ப்பதே அபூர்வம்.

முதல் டயர் தை மாதம் வெடித்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே, இதோ அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில். நான் கொடியில் பாப்பாவின் துணியை உலர்த்திக்கொண்டிருக்கிறேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். கையிலிருந்த துணி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பாப்பா மூச்சே விடாமல் நீலமாகிவிட்டாள். தூக்கிக் குலுக்கின பிறகுதான் அழுகை வந்தது. நான் அன்று சாயங்காலம் வரை அழுதேன். எனக்குப் பயம் அதிகம் சார், அதை மறைக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு இன்னும் அதிகம். குக்கர் விசில் அடித்தால் கூட இரண்டு அடி பின்னால் போய்விடுவேன்.

மாதையன் அண்ணன் சிரித்தார். வெடித்த டயரைக் கழற்றி, பக்கத்து டயரோடு நடுவில் மாட்டியிருந்த ஒரு கல்லை லிவரால் நெம்பி எடுத்துக் காட்டினார். தேங்காய் அளவு கல். 'இதுதானுங் அம்மிணி. ரெண்டு டயருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு அறுத்துப்போடுச்சு. இனி வண்டியெடுக்கறப்ப குனிஞ்சு பாத்தாப் போச்சு' என்றார்.

அவருக்குப் போச்சு. எனக்குப் போகவில்லை. ராத்திரி இவரிடம் கேட்டேன். "ஏங்க, டயர் எதனால வெடிக்குது?" இவர் பாதித் தூக்கத்தில், "சூடு, சுகி" என்றார். அவ்வளவுதான் சார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

எங்கள் கான்வென்டில் ஃபிலோமினா சிஸ்டர்தான் ஃபிசிக்ஸ். ஒரு டின்னை இறுக்கி மூடி, அடியில் ஸ்பிரிட் விளக்கை வைத்தார்கள். காற்று சூடாகும், விரியப் பார்க்கும், விரிய இடம் இல்லாவிட்டால் அழுத்தம் கூடும். சொல்லி முடிப்பதற்குள் மூடி பறந்துபோய் ஃபேனில் அடித்தது. ஃபேன் இறக்கை வளைந்ததற்குச் சிஸ்டர் மதரிடம் திட்டு வாங்கினார்கள். எனக்கு அந்தப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. உங்களுக்கு எவ்வளவு சார்? சும்மா கேட்டேன்.

மறுநாளே ஒரு ஏர் மீட்டர் வாங்கிவரச் சொன்னேன். வண்டி மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து நின்றதும் ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தேன். உங்கள் கம்பெனி கார்டில் என்ன போட்டிருக்கிறது? நூற்றிருபது பவுண்டு. மீட்டரில் என்ன காட்டியது தெரியுமா? நூற்று நாற்பது! ஒன்றில் நூற்று நாற்பத்து மூன்று! இருபது பவுண்டு அதிகம் சார். அதையெல்லாம் சக்கரத்தில் சுமந்துகொண்டு ஒரு மனிதர் உள்ளே ரசம் குடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? என்ன செய்வார்கள், வால்வை அழுத்தி, நூற்றிருபது வரும்வரை காற்றை இறக்கினேன். பத்து டயருக்கும். பாப்பாவுக்கு அந்த 'புஸ்' சத்தம் மிகவும் பிடித்துப்போய்விட்டது, இப்போதும் யார் வால்வைத் தொட்டாலும் சிரிப்பாள். அன்றிலிருந்து தினமும். ஒருநாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்த அன்று கூட போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து இறக்கினேன்.

நோட்டுப் போட்டிருக்கிறேன், பாருங்கள். தேதி, நேரம், டயர் நம்பர், பார்த்தது, சரிசெய்த பிறகு. சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன், சிஸ்டருக்குக் கோடு கோணினால் பிடிக்காது. நிதானமாகப் பாருங்கள், நான் டீயை வடிகட்டிவிட்டு வருகிறேன். ஆதிரா, அங்கிள் மேலே ஏறாதே.

*

இந்தாருங்கள். சூடு, பார்த்து. ஏன் சார், நோட்டை மூடிவிட்டு என்னையே பார்க்கிறீர்கள்? கையெழுத்து புரியவில்லையா? சரி, சரி, மேலே சொல்கிறேன்.

இப்படி நான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கும்போதே மாசி மாதம் ஒன்று வெடித்தது. பங்குனியில் இரண்டு. நான் மட்டும் தினமும் காற்றை இறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை போயிருக்குமோ.

காரணம் என்னவென்று கண்டுபிடித்தேன். மாதையன் அண்ணன்தான். அவருக்குக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஒரு பழக்கம். ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காதாலேயே காற்றைப் பார்ப்பாராம். டங் என்று கேட்டால் சரியாக இருக்கிறதாம், தொம் என்று கேட்டால் குறைவாம். தட்டிவிட்டுத் தினமும் ஒரே பல்லவி. 'தொம்முங்குது. காத்துக் கம்மி. புடிச்சுட்டுத்தான் போகோணும்.' போகிற வழியில் பஞ்சர் கடையில் நிறுத்திக் காற்றடித்துவிடுவார். நான் மத்தியானம் இறக்குவேன். அவர் காலையில் ஏற்றுவார். எனக்கும் அவருக்கும் இது ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது சார், வாயைத் திறந்து பேசிக்கொள்ளாமல்.

இல்லை, ஒருமுறை பேசினார். மாசியில் வெடித்த பிறகு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், நான் வால்வை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். 'அம்மிணி, தப்பா எடுத்துக்காதீங்க. சூட்டுல காத்து எறக்கக்கூடாதுங். அது ஓட்டத்துல ஏறுன காத்து. ஆறுனா அதுவா எறங்கிக்கும்' என்றார்.

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "அண்ணா, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

'எட்டாவதுங்' என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரசத்தைப் பற்றியும் பேசவில்லை. நான் கோபமாகக் கேட்கவில்லை சார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பிறகு இவரிடம் சொன்னேன். டிரைவர் காற்றை அளவுக்கு மேல் அடிக்கிறார், அதுதான் வெடிக்கிறது, நோட்டைப் பாருங்கள் என்று. இவர் மாமாவிடம் சொன்னார். மாமா அண்ணனைக் கூப்பிட்டு, 'ஏப்பா மாதையா, இனிமேல் நீ பஞ்சர் கடையில நிக்கவேண்டாம். காத்தையெல்லாம் வூட்டுல புள்ள பாத்துக்கும்' என்றார். அண்ணனும் சரியென்றார். அதற்கப்புறம்தான் பங்குனியில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு.

இரண்டாவது வெடித்தபோது வண்டி பாலத்துச் சுவரை உரசி நின்றது. அன்று மாமா இதே இடத்தில் நின்று சத்தம் போட்டார். 'எத்தன ஸ்பீடுல போனே? குடிச்சிருந்தியா? ரசாக்கு வண்டி நல்லாத்தானே ஓடுது? உன்ற வண்டிக்கு மட்டும் என்ன பேயா புடிச்சிருக்குது?'

அண்ணன் பதிலே பேசவில்லை. தப்பு செய்தவர்தானே சார் அப்படி நிற்பார்? ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நின்றிருந்தேன். அப்புறம் சாவியைச் சீட்டின்மேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். ஒன்பது வருஷம்.

அதிலிருந்து அந்த வண்டியை இவரே ஓட்டுகிறார். புது ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று. எனக்கு உயிர் கையில் இல்லை. "எத்தனை வேலை இருந்தாலும் மத்தியானம் வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயிடுங்க" என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இவரும் வருகிறார். நானும் வண்டியைப் பார்க்கிறேன், முன்னைவிடக் கவனமாக. புருஷன் உட்கார்ந்திருக்கிற வண்டி இல்லையா? மற்றவர்களுக்கு நூற்றிருபது என்றால், இவருக்கு முன்சக்கரம் இரண்டிலும் நூற்றுப்பதினைந்தாகவே வைத்துவிடுவேன். பாதுகாப்புக்கு.

அப்படியும் போன வெள்ளிக்கிழமை பின்னால் ஒன்று வெடித்தது. அதனால்தான் உங்களுக்கே போன் போட்டோம். டிரைவர் மாறியும் வெடிக்கிறது என்றால் டயரில்தானே கோளாறு? நீங்களே பாருங்கள், நடுவில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, இரண்டு ஓரமும் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறது. ஐந்தில் நாலு இப்படித்தான். உங்கள் கம்பெனியில் ஓரத்துக்கு ரப்பர் கம்மியாகப் போட்டுவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

உள்ளே கையை விட்டு என்ன தேடுகிறீர்கள்? அட, கருப்பாக என்னமோ வருகிறதே. காபித்தூள் மாதிரி. ரப்பர்தூளா? உள்ளே எப்படித் தூள் வரும்? டயர் நசுங்கி நசுங்கி, மடிந்து மடிந்து ஓடினால் வருமா? நசுங்காமல் எப்படி ஓடும் சார், இருபத்தைந்து டன் ஜல்லி மேலே இருக்கும்போது?

என்ன கேட்டீர்கள்? காலையிலா? காலையில் நான் எதற்கு மீட்டர் வைக்கவேண்டும்? காலையில்தான் சூடே இருக்காதே. வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒருநாளும் பார்த்ததில்லை. நோட்டில் எல்லாம் மத்தியானம் ஒன்றரைதான்.

இதுவா? இது வெடித்ததற்குப் பக்கத்தில் ஓடின டயர். சந்தேகமாக இருக்கிறதென்று இவர் இதையும் கழற்றிப் போட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படியே நிற்கிறது. இதில் காற்று இருக்கிறது. வியாழக்கிழமை நானே நூற்றிருபதில் நிறுத்தினேன், நோட்டில் இருக்கும். வைத்துப் பாருங்களேன், தாராளமாக.

எவ்வளவு?

உங்கள் மீட்டர் ரிப்பேர் சார். என்னுடையதை வையுங்கள். கொடுங்கள், நானே வைக்கிறேன்.

தொண்ணூற்றாறு.

லீக் இருக்கும். கண்டிப்பாக வால்வில் லீக். எச்சிலைத் தொட்டு வைக்கிறீர்களா? மாதையன் அண்ணனும் இப்படித்தான் செய்வார். குமிழ் வருகிறதா? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். வரும். ஆதிரா, சும்மா இரு, அங்கிள் எச்சில் வைத்ததற்குச் சிரிக்கக்கூடாது.

வரவில்லை.

லீக் இல்லையென்றால் இருபத்துநாலு பவுண்டு எங்கே போனது சார்? நான் நூற்றிருபதில்தானே... சூடாக இருக்கும்போது நூற்றிருபது. ஆறினபோது... காற்று சூடானால் அழுத்தம் கூடும். சிஸ்டர் சொன்னார்கள். ஆறினால்?

ஆறினால் குறையும். அதே பாடம்தான் சார். அதே பக்கம். நான் மேல்பாதியை மட்டும் படித்திருக்கிறேன்.

அப்படியானால் கார்டில் போட்டிருக்கிற நூற்றிருபது ஆறின டயருக்கா? ஓட ஆரம்பித்தால் அது நூற்று நாற்பது ஆகத்தான் செய்யுமா? டயரே அதற்குத் தகுந்த மாதிரிதான் செய்திருக்கிறதா? காற்று குறைந்தால்தான் நசுங்கி, மடிந்து, சூடேறி வெடிக்குமா? இதை ஏன் சார் கார்டில் பெரிய எழுத்தில் போடவில்லை? போட்டிருக்கிறீர்களா? எங்கே? ஆமாம். போட்டிருக்கிறீர்கள்.

ரசாக் அண்ணன் வண்டிக்கும் இந்த வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று மாமா கேட்டார், இவர் கேட்டார், நானும் கேட்டேன். டிரைவர் இல்லை. ரோடு இல்லை. லோடு இல்லை. அந்த வண்டி என் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை. அவ்வளவுதான் சார் வித்தியாசம்.

ஐயோ, சார். முன்சக்கரம். முன்சக்கரத்தில் நூற்றுப்பதினைந்து. நேற்று மத்தியானம்தான். இப்போது அது எவ்வளவில் ஓடிக்கொண்டிருக்கும்? சொல்லவேண்டாம். பாப்பாவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பேனாவைக் கொடுத்துவிடுங்கள், பரவாயில்லை.

இவர் எடுக்கமாட்டேன் என்கிறார். ரிங் போகிறது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள் என்று சத்தியம் வாங்கினதும் நான்தான். எத்தனை சத்தியம்தான் வாங்கியிருக்கிறேனோ. இருங்கள், குவாரி எடைமேடையில் சாந்தாமணி அக்கா இருப்பார்.

"அக்கா, சுகிர்தா பேசறேன். எங்க வண்டி போயிடுச்சா? எடை போட்டாச்சா? இன்னும் நிக்குதா? நிக்குதாக்கா? ஏன், என்ன சண்டை? தார்ப்பாய்க்கா? நல்ல சண்டைக்கா, போடட்டும். ஓடிப்போய் வண்டிக்கு முன்னாடி நில்லுங்க. விளையாட்டுக்குச் சொல்லலைக்கா. நடக்காதீங்க, ஓடுங்க!"

நிற்கிறது சார். தார்ப்பாய் கட்டுகிறவரோடு வாக்குவாதமாம். என் புருஷனுக்கு வாய் அதிகம் என்று எங்கள் அம்மா கவலைப்படுவார். இனிமேல் படவேண்டாம்.

"ஹலோ. என்னங்க! பாப்பா நல்லா இருக்கா. வீடு நல்லா இருக்கு. எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வண்டியை மட்டும் எடுக்காதீங்க. லோடை அங்கேயே கொட்டிடுங்க. ராடை எடுத்து முன்சக்கரத்தைத் தட்டிப் பாருங்க... எப்படிக் கேக்குது? தொம்முனா? ரெண்டுமேவா? மீட்டர் வைங்க. குவாரியில இருக்குமே. எவ்வளவு? தொண்ணூத்தி எட்டா? இன்னும் முழுசா ஆறாதப்பவே தொண்ணூத்தி எட்டா?"

நீங்கள் தலையில் கைவைக்கிறீர்கள் என்று நான் அவரிடம் சொல்லமாட்டேன் சார்.

"டயர் ஆறட்டும். ஆறின பின்னாடி நூத்திருபது. ஆமா, ஆறின பின்னாடி. ஓரத்துல வெடிப்பு, உப்பல் இருக்குதான்னு கையை வெச்சுத் தடவிப் பாருங்க. யாரு சொன்னதா? டயர் கம்பெனி சார் சொன்னார். அதுக்கு முன்னாடி மாதையன் அண்ணன் சொன்னார். நான்தான் கேக்கலை. வந்து திட்டுங்க. இப்ப திட்டாதீங்க, சார் பக்கத்துல இருக்கார். சிரிக்காதீங்க! ஒருத்தி உயிர் போய் உயிர் வந்து நிக்கறா, உங்களுக்குச் சிரிப்பு."

சிரிக்கிறார் சார். பயப்படவே தெரியாத வீடு இது. எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயப்படவேண்டியிருக்கிறது. அதனால்தான் இப்படியெல்லாம் ஆகிறது.

டீ இன்னும் குடிக்கவில்லையா? ஆடை படிந்துவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடியுங்கள்.

அண்ணனுக்கும் போன் போட்டுவிடுகிறேன். உங்கள் முன்னாலேயே போட்டுவிடுகிறேன், நீங்கள் போய்விட்டால் எனக்குத் தைரியம் இருக்காது.

"அண்ணா, சுகிர்தா. சௌக்கியமா இருக்கீங்களா? எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு? செங்கல் சூளையிலயா? டிராக்டரா ஓட்டறீங்க? அண்ணா, டயர் வெடிச்சது என்னாலதான். நீங்க சொன்னது சரி. சூட்டுல எறக்கக்கூடாது. எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது... என்னண்ணா? கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க... அன்னிக்கு மாமா கேக்கறப்ப ஏண்ணா வாயைத் திறக்கலை? என் பேரைச் சொல்லியிருக்கலாமே..."

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேனாம். மாமனார் முன்னால் மருமகளை எப்படிக் காட்டிக்கொடுப்பதாம். அதுவுமில்லாமல், 'எட்டாவது படிச்சவன் சொன்னா யாருங் நம்புவாங்க' என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார் சார். நான் அன்று கேட்ட மாதிரியே.

"அதுக்கு மன்னிச்சிருங்கண்ணா. இல்ல, அதுக்குத் தனியா மன்னிப்பு. டயருக்கு வேற. வண்டிக்கு வந்துருங்கண்ணா... சரி. சரிண்ணா. சொல்றேன்."

பெரியவர் கூப்பிட்டால் வருகிறாராம். பெரியவர் வாயால் போகச் சொன்னது, பெரியவர் வாயால்தான் கூப்பிட வேண்டுமாம். நியாயம்தானே? மாமா ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டால் பேச்சு மாறமாட்டார். அப்புறம் புது ஆள்தான், அண்ணன் கடைசிவரை செங்கல்தான். மாமா வருவதற்குள் நான் எப்படிச் சொல்வது என்று யோசித்து, இவரும் வந்தபிறகு, மெதுவாக, சாப்பிட வைத்து...

பைக் சத்தம். மாமாதான். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்தான் புது டிரைவர் போலிருக்கிறது, மடியில் பெட்டியோடு வந்திருக்கிறார். நீங்கள் எழுந்திருக்காதீர்கள் சார். தயவுசெய்து இங்கேயே இருங்கள். ரிப்போர்ட் எழுதினால், டிரைவர் மேல் தப்பில்லை என்பதை முதல் வரியில் எழுதுங்கள். என் பேரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

"வாங்க மாமா. இவர் டயர் கம்பெனி சார். வாங்கண்ணா, டீ தரேன், உட்காருங்க, அந்த நாற்காலி வேண்டாம். மாமா, கொஞ்சம் இருங்க. ஆணியில இருந்து வண்டியோட ரெண்டாவது சாவியை எடுக்காதீங்க. எடுத்துட்டீங்களா? சரி, கையிலேயே வெச்சிருங்க, அவர்கிட்ட குடுத்துடாதீங்க. மாமா, மாதையன் அண்ணன் குடிக்கலை. ஸ்பீடாவும் போகலை. டயர்ல காத்தை எறக்கினது நான். தினமும் நான்தான். அவர் வேண்டாம்னு சொன்னார், நான் அவரை எகத்தாளமாப் பேசிட்டேன். பயத்துல பண்ணிட்டேன் மாமா. வண்டி காத்துக் கம்மியாக் குவாரியிலயே நிக்குது, அண்ணன் செங்கல் சூளையில டிராக்டர் ஓட்டறார். இந்தாங்க, இந்த மீட்டர்ல பாருங்க, சார்கிட்ட கேளுங்க..."

மாமாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடுவார் சார். சத்தம் போடாவிட்டால் என்னவென்று எனக்குத் தெரியாது, இதுவரை பார்த்ததில்லை.

டயரைப் பார்க்கிறார். பாப்பாவைப் பார்க்கிறார். ஏன் போனை எடுக்கிறார்? எங்கள் அப்பாவுக்கா? சார், எங்கள் அப்பாவுக்குப் போடுகிறாரா?

இல்லை.

'மாதையா, நாந்தான். குவாரியில வண்டி நிக்குது. காத்துப் புடிக்கோணும். பூபதிக்கு அதொண்ணும் தெரியாது. பைக்கை எடுத்துட்டு அங்க வர்றேன், சூளை ரோட்டுல வந்து நில்லு.'

அவ்வளவுதான். வைத்துவிட்டார். மாமாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்ததே இவ்வளவுதான் சார், அதுவும் இதுதான் முதல் தடவை. புது டிரைவர் பாவம், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்க்கிறார். டீயைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டுப் போகட்டும். மாமாவைப் பாருங்கள் சார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேலே பட்டனையும் போட்டுவிட்டார்.